ஆவணப்படம் காட்டுவதெல்லாம் உண்மையா?

சினிமா பார்த்தால் கெட்டுப்போவோம், ஆவணப்படம் பார்த்தால் அறிவு வளரும் என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்லக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். சினிமா கற்பனை, ஆவணப்படம் உண்மை. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். சமூக அறிவியல் மன்றத்தின் சார்பில் எங்கள் பள்ளி மண்டபத்தில் ஒரு பழைய படம் திரையிடப்பட்ட நாளிலிருந்து அந்த எண்ணம் கொஞ்சம் ஆட்டங்கண்டுவிட்டது.

படத்தின் பெயர் ‘நானூக் ஆஃப் தி நார்த்’. 1922இல் வெளிவந்த ஊமைப்படம். ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி என்னும் அமெரிக்கர், கனடாவின் கியூபெக் மாநிலத்து வடகோடியில், ஹட்சன் விரிகுடாக் கரையில் வாழ்ந்த இனூயிட் மக்களுடன் ஏறக்குறைய ஓராண்டு தங்கி எடுத்தது. ‘எஸ்கிமோ’ என்று நாம் சிறு வகுப்பில் படித்தோமே, அந்த மக்கள்தாம். அந்தப் பெயரை அவர்களில் பலர் விரும்புவதில்லையாம். ‘இனூயிட்’ என்றால் அவர்கள் மொழியில் ‘மக்கள்’ என்று பொருள்.

படத்தில் ஒரு காட்சி. நானூக் என்னும் வேட்டைக்காரர் தோல் விற்க வணிகரின் கடைக்கு வருகிறார். வணிகர் கிராமபோன் பெட்டியைக் காட்டுகிறார். நானூக் அதை எட்டிப் பார்க்கிறார், சிரிக்கிறார், பிறகு இசைத்தட்டை எடுத்துப் பல்லால் கடித்துப் பார்க்கிறார். மண்டபமே சிரித்தது. பின்வரிசையில் இருந்த நாங்கள் கைகூடத் தட்டினோம்.

ஒரு வாரம் கழித்து, மன்றத்தின் அறிக்கை எழுதுவதற்காக அந்தப் படத்தைப் பற்றித் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க வெட்கமாகிவிட்டது. அவர் பெயர் நானூக் அன்று, அல்லகாரியல்லாக். கிராமபோன் என்றால் என்ன என்று அவருக்கு முன்பே தெரியும். படத்தில் மனைவி மக்களாக வருபவர்கள் அவருடைய உண்மையான குடும்பத்தினர் அல்லர். அந்தக் காலத்திலேயே அங்குள்ளவர்கள் வேட்டைக்குத் துப்பாக்கி பயன்படுத்தினார்கள்; பாட்டனார் காலத்து ஈட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னவர் படம் எடுத்தவர். பனித்துளையின் ஓரத்தில் நானூக் கயிற்றைப் பிடித்து இழுக்கும் சீல், முன்பே செத்துப்போனது. மறுமுனையைப் பிடித்து இழுத்தவர்கள் நம் கண்ணுக்குத் தெரியாமல் நின்ற மனிதர்கள்! ஆக, ‘ஒன்றும் தெரியாதவர்’ என்று நாங்கள் எண்ணிச் சிரித்தவர், கேட்டுக்கொண்டபடி நன்றாக நடித்த ஒரு கெட்டிக்காரர். ஒன்றும் தெரியாதவர்கள் பின்வரிசையில் இருந்திருக்கிறோம்.

அப்படியானால் படம் முழுவதும் பொய்யா? அப்படி நாங்கள் சொல்லமாட்டோம். பனி வீடு கட்டும் காட்சியை நினைத்துப் பாருங்கள். தந்தத்தால் செய்த கத்தியை நாவால் நக்கி, அந்த ஈரம் உறைந்து கூராகும்படி செய்து, பனியைக் கட்டி கட்டியாக அறுத்து அடுக்குகிறார். பிறகு தெளிந்த பனிக்கட்டி ஒன்றை வெட்டி வந்து சன்னலாகப் பதிக்கிறார். வெளிச்சம் உள்ளே திரும்பி விழுவதற்காக அதன் பக்கத்திலேயே ஒரு பனிப்பாளத்தை நிறுத்துகிறார். அந்தக் கைத்திறனை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்து நடிக்க வைக்க முடியாது. வீட்டுக்குள் காமிராவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று பாதி வீட்டை வெட்டி எடுத்துவிட்டார்களாம். திறந்த வெளிக் குளிரில் அந்தக் குடும்பம் தூங்குவதுபோலவும் எழுவதுபோலவும் நடித்தது. இதை எங்களால் மன்னிக்க முடிகிறது. வீடு அவர்களுடையது, உறக்கமும் அவர்களுடையது, பாவம், குளிரும் அவர்களுடையதுதான். இசைத்தட்டைக் கடிக்க வைத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. முன்னது காமிராவின் குறைக்காகச் செய்தது. பின்னது ஒரு மனிதரை உள்ளதைவிடச் சிறியவராகக் காட்டச் செய்தது. எங்கள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு முழுப் பாடவேளை வாதம் நடந்தது. ‘எல்லாம் ஒன்றுதான், பொய் பொய்தான்’ என்றார்கள் சில தோழியர். நாங்கள் உடன்படவில்லை.

ஃப்ளாஹர்ட்டி பிற்காலத்திலும் இவ்வழக்கத்தை விடவில்லை. அயர்லாந்தின் அரன் தீவுகளில் அவர் எடுத்து 1934இல் வெளியிட்ட ‘மேன் ஆஃப் அரன்’ படத்தில் தீவினர் பெருஞ்சுறாவை வேட்டையாடுகிறார்கள். அந்த வேட்டை அங்கே வழக்கொழிந்து பல காலம் ஆகியிருந்தது. படத்துக்காக அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்ததாம்.

காட்டியது போகட்டும், காட்டாமல் விட்டது எவ்வளவு! நானூக் படத்துக்குப் பணம் கொடுத்தது ரெவியோன் ஃப்ரேர் என்ற பிரெஞ்சுத் தோல் வணிக நிறுவனம். வேட்டைக்காரர் நரித்தோலைக் கொடுத்துவிட்டுக் கத்தியும் மணியும் மிட்டாயும் வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாகப் போவது படத்தில் வருகிறது. அது நியாயமான விலையா என்ற கேள்வி வரவில்லை. பணம் கொடுத்தவரைக் கேள்வி கேட்பது கடினம் என்பது எங்களுக்கும் புரிகிறது.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. அந்தப் படம் எடுக்கப்பட்ட ஊரின் பெயர் இனுக்ஜுவாக். 1953இலும் 1955இலும் கனடா அரசு அவ்வூரிலிருந்து பல குடும்பங்களை ஏறக்குறைய 2000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய்க் குடியேற்றியது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே உதிக்காத இடம் அது. விரும்பினால் இரண்டு ஆண்டில் திரும்பி வரலாம் என்று சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை. அரசு அதற்கு மன்னிப்புக் கேட்டது 2010இல்தான். நானூக்கின் சிரிப்பை உலகமெல்லாம் அறிந்திருந்தது. அவருடைய ஊராரின் அழுகை அறியப்படவில்லை. அப்படிக் கொண்டுபோகப்பட்ட சிறுமிகளில் ஒருவர் மார்த்தா ஃப்ளாஹர்ட்டி. பெயரைப் பார்த்தால் தெரியுமே, படம் எடுத்தவரின் பேத்தி! அவருக்கு அங்கே பிறந்த மகனின் மகள். ‘மார்த்தா ஆஃப் தி நார்த்’ என்ற ஆவணப்படம் 2008இல் இவருடைய கதையைச் சொன்னது. பாட்டனாரின் காமிரா கேட்காத கேள்விகளைப் பேத்தியின் வாழ்க்கை கேட்கவைத்தது.

இப்போது காமிரா இனூயிட் மக்களின் கைகளுக்கும் வந்துவிட்டது. அலெதியா அர்னாகுக்-பாரில் என்னும் இனூயிட் பெண்மணி 2016இல் ‘ஆங்ரி இனூக்’ என்ற படத்தை எடுத்தார். சீல் குட்டிகளின் படத்தைப் போட்டு ‘இவற்றைக் காப்பாற்றுங்கள்’ என்று அச்சிட்ட விளம்பரங்களைப் பார்த்தால் யாருக்கும் கண் கலங்கும். அந்தக் கண்ணீரால் ஐரோப்பா சீல் பொருள்களைத் தடை செய்தது. இனூயிட் மக்களுக்கு விலக்கு அளித்தும் பயனில்லை, தோலுக்கு விலை போய்விட்டது. உணவுப் பொருள் யானை விலை விற்கும் பனிநாட்டில் வேட்டைக்காரர் எதை விற்றுக் குழந்தைகளைக் காப்பாற்றுவார் என்று இந்தப் பெண்மணி கேட்கிறார். எங்களில் சிலர் இன்னும் சீல் குட்டியின் பக்கம்தான். ஆனால் வேட்டைக்காரர் வீட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்த்த பிறகும் அந்தப் பக்கம் இருப்பது வேறு, பார்க்காமல் இருப்பது வேறு.

ஆவணப்படத்தால் நன்மை இல்லை என்று நாங்கள் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 1969இல் மால்கம் மக்கரிட்ஜ் பி.பி.சி.க்காக எடுத்த படம் இல்லாவிட்டால், கல்கத்தாவின் அன்னை தெரசாவை உலகம் அவ்வளவு விரைவில் அறிந்திருக்காது. (அந்தப் படத்தில் மரண வாயிலில் இருப்போர் இல்லத்துக்குள் ஓர் அற்புத ஒளி விழுந்தது என்று மக்கரிட்ஜ் நம்பினார். புதிதாக வந்த கோடாக் படச்சுருளின் வேலை அது என்று படம் பிடித்தவர் பிற்பாடு கூறினார். அன்னையின் பெருமை இதனால் குறையப்போவதில்லை.) அப்படத்தில் அன்னை யாருக்காகவும் வேறொருவராக நடிக்கவில்லை என்பதே எங்களுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இதையெல்லாம் எங்கோ இருக்கும் பனிநாட்டுச் செய்தியாக எழுதிவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தோம். விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் தோழி ஒருத்தி, “அப்போ நம்ம விடுதிக்கு வந்தாங்களே, அதை எழுதமாட்டீங்களா?” என்று கேட்டாள். அவள் அனுமதியுடன் எழுதுகிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஏழைச் சிறுமியரின் கல்விக்கு நிதி திரட்டுவதற்காகச் சிலர் காமிராவுடன் வந்தார்கள். நல்ல மனிதர்கள், எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தார்கள். எங்கள் தோழியைச் சீருடையைக் கழற்றிவிட்டு வீட்டுப் பாவாடை சட்டை ஒன்றை, இருப்பதில் பழையதாகப் பார்த்து, உடுத்திவரச் சொன்னார்கள். தலையில் இருந்த ரிப்பனை அவிழ்க்கச் சொன்னார்கள். சமையற்கட்டுப் படியில் தட்டுடன் உட்காரவைத்து, சிரிக்காமல் பார் என்றார்கள். அவளும் பார்த்தாள். அந்த ஆண்டு கணக்கில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் அவளுடையது. அதை யாரும் கேட்கவும் இல்லை, அவளும் சொல்லவில்லை.

அந்தப் படத்தால் வந்த பணத்தில் விடுதிக்குப் புதிய கட்டில்கள் வாங்கப்பட்டன. அவற்றில் ஒன்றில்தான் அவளும் இன்று படுக்கிறாள். முன்பெல்லாம் மழைக்காலத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்குக் கட்டில் சிறிய காரியம் அன்று. அதனால்தானோ என்னவோ, அன்று நடந்ததைப் பற்றி யாரும் பேசியதில்லை. கட்டிலும் வேண்டும், ரிப்பனும் வேண்டும் என்று கேட்பது பேராசையா? சீருடையுடன், ரிப்பனுடன், கணக்கு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தால் யாரும் பணம் கொடுத்திருக்கமாட்டார்களா? கொடுத்திருப்பார்கள் என்றே நாங்கள் நம்புகிறோம். பெற்றோர்களும் சகோதரிகளும் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அறிய ஆசைப்படுகிறோம்.

ஃப்ளாஹர்ட்டியை இவ்வளவு குறை சொன்ன நாங்கள் ஒன்றை மறைக்கக்கூடாது. அவர் படச்சுருளைக் கழுவும் கருவிகளைத் தம்முடன் பனிநாட்டுக்கே கொண்டுபோயிருந்தார். எடுத்த காட்சிகளை அங்கேயே கழுவி, அந்த மக்களுக்கே முதலில் போட்டுக் காட்டினார். வால்ரஸ் வேட்டையைத் திரையில் கண்ட அவர்கள், ‘பிடி, விடாதே’ என்று ஆரவாரம் செய்தார்களாம்.

எங்கள் தோழி, தான் இருக்கும் படத்தை இன்றுவரை பார்க்கவில்லை. அதன் பிரதி ஒன்றை வரவழைத்து, நானூக்கைப் பார்த்த அதே மண்டபத்தில், அவளை முன்வரிசையில் உட்காரவைத்துத் திரையிட ஏற்பாடு செய்யுமாறு தலைமையாசிரியைச் சகோதரி அவர்களை மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.