பழைய காரை மொத்தமா பிரிச்சுப் போடாதீங்க

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்த விஷயம் இது. கார் பைத்தியம் பிடிக்காதவங்களும் தைரியமா படிக்கலாம், ரொம்ப டெக்னிக்கலா போக மாட்டேன்னு சொல்ல ஆசைதான். ஆனா போவேன். பொறுத்துக்கோங்க மக்களே :-)

பழைய கன்வர்டிபிள் ஒண்ணை வாங்கி வீட்டிலேயே ரெஸ்டோர் பண்ணணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல என்ன செய்யறாங்க? வாங்கின முதல் சனிக்கிழமையே ஸ்பானரைத் தூக்கிக்கிட்டு கழட்ட உட்கார்ந்துடுறாங்க. சீட்டு, கார்ப்பெட், டாஷ்போர்டு, பம்பர், கதவு, இன்ஜின் எல்லாம் ரெண்டு மாசத்துல வெளியே வந்துடும். போட்டோ எல்லாம் எடுத்து வெச்சு, "கடைசி நட்டு வரைக்கும் பிரிச்சு புதுசு மாதிரி ஆக்கப்போறேன்"னு பெருமையா சொல்லிக்குவாங்க. கேக்கிறவங்களும் கை தட்டுவாங்க. எனக்கு மட்டும் வயித்தைக் கலக்கும்.

என் கட்சி இதுதான். வீட்டு கராஜில், லீவு நாளில் மட்டும் வேலை பார்க்கிற ஆள், காரை முழுசாப் பிரிக்கவே கூடாது. வண்டி உருளுற நிலையில் இருக்கணும். அப்படி வெச்சுக்கிட்டே ஒவ்வொரு பகுதியா சரி பண்ணிக்கிட்டு வரணும். கூரை இல்லாத காருக்கு இது ரெண்டு மடங்கு பொருந்தும்.

கழட்டுறது சுலபம், மாட்டுறது கஷ்டம்னு எல்லாருக்கும் தெரியும். தெரியாத விஷயம், அந்தக் கஷ்டம் எப்ப வரும்ங்கிறது. கழட்டின ரெண்டாவது மாசத்தில் வராது. மூணாவது வருஷம் வரும். எந்த போல்ட் எந்த ஓட்டைக்குன்னு மூளை மறந்திருக்கும். ஜிப் கவர்ல எழுதி வெச்ச மை அழிஞ்சிருக்கும். நடுவுல குழந்தை பிறந்திருக்கும், வேலை மாறியிருக்கும், முதுகு பிடிச்சிருக்கும். கராஜில் இருக்கிறது கார் இல்லை, முப்பது அட்டைப்பெட்டி. இங்க இங்கிலாந்தில் பழைய கார் விளம்பரங்களைப் பார்த்தா "பாதி முடிந்த புராஜெக்ட், எல்லா பாகங்களும் உள்ளன"ன்னு வாராவாரம் வரும். எல்லா பாகமும் இருக்கவே இருக்காது, அது வேற கதை.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர், எழுபத்தஞ்சு வயசுக்கு மேல. ட்ரையம்ப் ஹெரால்டு கன்வர்டிபிள் ஒண்ணு வெச்சிருக்கார். வெச்சிருக்கார்னு சொன்னா, சேசிஸ் ஒரு ஷெட்டில், பாடி இன்னொரு ஷெட்டில், இன்ஜின் படிக்கட்டுக்கு அடியில். ரிட்டயர் ஆன வருஷம் பிரிச்சாராம். அவர் மனைவிக்கு ஒரே ஒரு ஆசை இருந்ததாம், அதுல உட்கார்ந்து கடற்கரைக்குப் போகணும்னு. அந்தம்மா போய்ச் சேர்ந்து அஞ்சு வருஷம் ஆச்சு. பெரியவர் கையில் இப்ப ஸ்பானர் பிடிக்கிற பலம் இல்லை. போன வருஷம் என்கிட்ட "யாராவது சும்மா எடுத்துக்கிட்டுப் போனாக்கூட சரி"ன்னார். என்ன பதில் சொல்றது?

இத்தனைக்கும் ஹெரால்டு பிரிக்கிறதுக்குன்னே செஞ்ச கார். நம்ம ஊரில் நிறைய பேருக்குத் தெரிஞ்ச கார்தான். மெட்ராஸ்ல ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961-ல் இருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டுன்னு செஞ்சு வித்தது இதைத்தான். இதோட பிறப்பே சுவாரசியம். இங்கே ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி செஞ்சு கொடுத்துக்கிட்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிடுச்சு. ஒரே துண்டா பாடி அடிச்சுத் தர ஆள் இல்லை. அதனால 1959-ல் வந்த ஹெரால்டுக்கு பழையபடி தனி சேசிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டா செஞ்சு போல்ட் போட்டு மாட்டினாங்க. கூரையும் போல்ட்டுதான். அதைக் கழட்டின மாதிரியே அடுத்த வருஷம் கன்வர்டிபிளும் வந்தது. அப்படிப்பட்ட காரே பெட்டிக்குள்ள போயிடுச்சுன்னா மத்த காரை நினைச்சுப் பாருங்க.

என்கிட்ட இருக்கிறது எம்ஜிபி ரோட்ஸ்டர், 1972 மாடல். 1962-லிருந்து 1980 வரைக்கும் ஏபிங்டன் ஃபாக்டரியில் செஞ்சது. மூடின கூரை வெச்ச ஜிடி மாடலையும் சேர்த்தா அஞ்சு லட்சத்துக்கு மேல. இதுக்குத் தனி சேசிஸ் கிடையாது. பாடிதான் எலும்பு, பாடிதான் தோல். இங்கதான் கூரை விஷயம் வருது.

ஒரு ஷூ டப்பாவை மூடியோட முறுக்கிப் பாருங்க, அசையாது. மூடியை எடுத்துட்டு முறுக்குங்க, கோணிக்கும். கூரை இல்லாத கார் மூடி இல்லாத டப்பா. அப்ப நடு முதுகை நேரா நிறுத்தி வைக்கிறது எது? முக்கியமா ரெண்டு சில். கதவைத் திறந்து காலை உள்ளே வைக்கும்போது கீழே நீளமா ஒரு பெட்டி மாதிரி ஓடுதே, அதுதான் சில். எம்ஜிபியில் அது ஒத்தைத் தகடு இல்லை. வெளிப்பக்கம் ஒண்ணு, நடுவில் செங்குத்தா ஒண்ணு, உள்பக்கம் ஒண்ணு, அடியில் மேடு பள்ளமா மடிச்ச ஒரு தகடு. எல்லாம் சேர்ந்துதான் பலம். மழைத்தண்ணியும் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுற உப்பும் இதுக்குள்ள போய் உட்கார்ந்து, உள்ளேயிருந்து வெளியே அரிக்கும். வெளியே பெயிண்டில் கொப்புளம் தெரியுற அன்னைக்கு உள்ளே ஒண்ணும் மிச்சம் இருக்காது.

இப்ப அந்த அரிச்ச சில்லோட, கதவையும் கழட்டி, இன்ஜினையும் தூக்கிட்டு, நாலு ஸ்டாண்டில் காரை ஏத்தி வெச்சு, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டி எடுத்தா என்ன ஆகும்? நடுவில் தொய்யும். கண்ணுக்குத் தெரியாது, சில மில்லிமீட்டர்தான். அதே தொய்வோட புது சில்லை வெல்டு வெச்சாச்சுன்னா கதை முடிஞ்சது. ஆறு மாசம் கழிச்சு பெயிண்ட் எல்லாம் அடிச்சு ஆசையா கதவை மாட்டப் போவீங்க. மேலே இடைவெளியே இருக்காது, கீழே விரல் போகும். கதவைத் தப்பு சொல்லி கீலை வளைப்பாங்க. கதவு பாவம் என்ன பண்ணும்?

சரியான வழி அலுப்பான வழி. கதவு மாட்டினபடியே இருக்கணும். கார் எடை சக்கரம் தாங்குற இடங்கள்லயே தாங்கப்படணும். முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவில் இரும்புச் சட்டம் வெல்டு வெச்சு இறுக்கணும். ஒரு பக்கம் முழுசா முடிச்சுட்டுதான் மறுபக்கம் கத்தியே வைக்கணும். வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஒவ்வொரு தகட்டையும் சும்மா புள்ளி வெச்சதும் ஒரு தடவை, முழு வெல்டுக்கு முன்னாடி ஒரு தடவைன்னு கதவு இடைவெளியை அளந்துக்கிட்டே இருக்கணும். முன் மட்காடு போல்ட்டுதான், கழட்டிடலாம். ஏன்னா சில் அதுக்கு அடியில் மறைஞ்சு இன்னும் முன்னாடி ஓடுது. நிறைய பேர் அதைக் கழட்ட சோம்பல்பட்டு வெளியே தெரியுற நீளத்துக்கு மட்டும் தகடு ஒட்டிடுறாங்க.

அதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு. பழைய துருவுக்கு மேலேயே கவர் மாதிரி புதுத் தகட்டைப் போர்த்தி, ஓரத்தில் வெல்டு வெச்சு, பட்டி பார்த்து, பளபளன்னு சிவப்பு பெயிண்ட் அடிச்சு விக்கிறது. பார்த்தா தேர் மாதிரி இருக்கும். வாங்கப் போனா பெயிண்ட்டைப் பார்க்காதீங்க. சில் பக்கத்தில் இருக்கிற ஜாக்கி இடத்தில் ஜாக்கி வெச்சுக் கொஞ்சம் தூக்கிட்டு, கதவைத் திறந்து மூடிப் பாருங்க. கதவு இடிச்சா, நமஸ்காரம் சொல்லிட்டு வந்துடுங்க.

இது வெறும் அழகு சமாச்சாரமா இருந்தா நான் இவ்வளவு கத்த மாட்டேன். பக்கவாட்டில் ஒருத்தன் வந்து இடிச்சா உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கிறது கதவும் இந்த சில்லும்தான். முன்னெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை எம்ஓடி சோதனையில் ஒருத்தர் அடியில் படுத்து சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். 2018 மே மாசத்திலிருந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு அந்தச் சோதனை கட்டாயம் இல்லைன்னு ஆக்கிட்டாங்க. ஆர்வலர்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. எனக்கு அது பிடிக்கவே இல்லை. கட்டாயம் இல்லாட்டியும் காசு கொடுத்து நான் வருஷா வருஷம் காட்டிட்டுதான் வர்றேன். நம்ம வேலையை நாமளே பார்த்து பாஸ் போடுறது பரீட்சைப் பேப்பரை நாமளே திருத்துற மாதிரி.

நம்ம ஊர்ல இன்னொரு கூத்து. அம்பாசடரையோ ஃபியட்டையோ கூரையை அறுத்துட்டு கல்யாண ஊர்வலத்துக்கு ஓப்பன் கார்னு விடுறாங்க. அதுவும் தனி சேசிஸ் இல்லாத கார்கள்தான். கம்பெனி கன்வர்டிபிள் செய்யும்போது கூரையில் இழந்த பலத்தை அடியில் கூட்டித்தான் செய்யும். அறுவை மெஷின் வெச்சிருக்கிறவருக்கு அந்தக் கவலை இல்லை. போதாக்குறைக்கு இந்தியாவில் 2021-ல் வந்த விதிப்படி, ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை வின்டேஜ்னு பதிவு பண்ணணும்னா அது மூல வடிவத்திலேயே இருக்கணும், சேசிஸையோ பாடியையோ மாத்தியிருக்கக் கூடாது. அறுத்தவங்க அந்த வாய்ப்பையும் சேர்த்து அறுத்துட்டாங்க.

"முழுசா பிரிக்காம துருவை எப்படி முழுசா எடுப்பே?"ன்னு கேட்பாங்க. நியாயமான கேள்வி. எடுக்க முடியாது. எங்கேயோ ஒரு மூலையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், மெழுகு அடிச்சு அடக்கி வைக்கலாம். பாடியே மொத்தமா போயிடுச்சுன்னா வேற வழியில்லை, பிரிக்கத்தான் வேணும். அதுக்கு பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ்ங்கிற நிறுவனம் 1988-லிருந்து பழைய அச்சுகளையே வெச்சு எம்ஜிபிக்கு முழுப் புது பாடி அடிச்சுத் தருது. ஆனா கார் மதிப்பைவிட செலவு அதிகமாகும்னு தெரிஞ்சே இறங்கணும். பெரிய ஷெட், லிஃப்ட், முழு நாள் நேரம் இருக்கிறவங்களும் தாராளமா பிரிக்கட்டும். நான் பேசறது ஒத்தைக் கார் கராஜும் ஞாயித்துக்கிழமையும் மட்டும் இருக்கிற ஆளைப் பத்தி.

அந்த ஆள் முதல்ல பிரேக்கைப் பார்க்கட்டும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், எல்லாத்தையும் மாத்திடணும். 2021 செப்டம்பரிலிருந்து இங்க சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கு. பழைய பெட்ரோல் ஹோஸை அது அரிச்சுடும், அதையும் மாத்தணும். இன்ஜினைப் பத்தி பயமே வேண்டாம். எம்ஜிபியில் இருக்கிறது 1798 சிசி பி-சீரிஸ். அம்பாசடரில் பல வருஷம் ஓடின 1489 சிசி இன்ஜினோட சொந்த அண்ணன். நம்மூர் மெக்கானிக் யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கிட்டு வேலை பார்ப்பார். இதெல்லாம் முடிச்சா வண்டி ஓடும். ஓடினா வீட்டுல இருக்கிறவங்களும் ஏறி உட்காருவாங்க. ஏறி உட்கார்ந்தா அடுத்த செலவுக்கு முகம் சுளிக்க மாட்டாங்க. இதை யாரும் மேனுவல்ல எழுத மாட்டாங்க, நான் சொல்றேன் :-)

என் வண்டியில் ரெண்டு குளிர்காலத்தில் ரெண்டு சில் முடிஞ்சது, நடுவில் வந்த கோடையில் சாம்பல் நிற ப்ரைமரோடயே ஊர் சுத்தினோம். சிரிச்சவங்க சிரிச்சாங்க. பெயிண்ட் அதுக்கப்புறம்தான்.

துணிக் கூரை எல்லாத்துக்கும் கடைசி. பாடி நேரா நின்னு, கண்ணாடிச் சட்டம் அதுக்குரிய சாய்வில் இறுகின பிறகுதான் அதுக்கு அளவே கிடைக்கும். வினைல் துணியைக் குளிர்ல மாட்டக் கூடாது. நல்ல வெயில் நாளா பார்த்து, துணியை விரிச்சுக் காய வெச்சு, அது இளகின பிறகு முன் சட்டத்தில் இழுத்து ஒட்டணும். ஒட்டின பிறகு ரெண்டு வாரம் மடக்காம அப்படியே விட்டுடணும். என்னோடது இப்ப அந்த ரெண்டு வாரத்தில்தான் நிக்குது. வெளியே அருமையான வெயில், நாங்க கூரையை மூடிக்கிட்டு சுத்துறோம். ஹீட்டர் வேலை இன்னும் பாக்கி.