வீட்டுப் பட்டறையில் பிறந்த ஜெட் எஞ்சின்

பொம்மை விமானத்துக்குச் செய்தது. போர்க்களம் போய்ச் சேர்ந்தது!

2008-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 26-ந் தேதி.

பிரான்சு நாட்டுக் கடற்கரைக்கு மேலே ஒரு விமானம் பறந்து கொண்டு இருந்தது. அதில் இருந்து ஒரு மனிதர் வெளியே குதித்தார்.

அவர் கீழே விழவில்லை. பறந்தார்!

அவருடைய முதுகில் ஒரு சிறகு கட்டப்பட்டு இருந்தது. அந்தச் சிறகில் 4 சிறிய ஜெட் எஞ்சின்கள் சீறிக் கொண்டு இருந்தன. பத்து நிமிடம் ஆவதற்குள் அவர் கடலைத் தாண்டி விட்டார். இங்கிலாந்துக் கரையில் பாராசூட்டை விரித்துப் பத்திரமாக இறங்கினார்.

அவர் பெயர் ஈவ் ரோசி. சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த விமானி.

அவருடைய துணிச்சலைக் கண்டு உலகம் வியந்தது. ஆனால், அவரைத் தூக்கிச் சென்ற எஞ்சின்கள் எங்கே செய்யப்பட்டவை என்று கேட்டவர்கள் குறைவு. அவை போர் விமானங்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பொழுதுபோக்குக்காகப் பறக்க விடும் மாதிரி விமானங்களுக்காக ஜெர்மனியில் செய்யப்பட்டவை!

ஜெட் எஞ்சின் செய்வது பெரிய அரசாங்கங்களுக்கே கடினமான வேலை. அது பொம்மை விமானத்துக்கு எப்படி வந்தது?

வீட்டுப் பட்டறைகள் வழியாக வந்தது. இன்று அதே வகை எஞ்சின் யுத்தச் செய்திகளிலும் அடிபடுகிறது. அப்படியானால், வீட்டில் எஞ்சின் செய்கிறவர்களைத் தடுக்க வேண்டுமா? தடுக்கத்தான் முடியுமா?

5 பவுன் கட்ட ஆள் இல்லை

ஜெட் எஞ்சினின் கதை ஓர் இளைஞரிடம் தொடங்குகிறது.

அவர் பெயர் பிராங்க் விட்டில். இங்கிலாந்து விமானப் படை அதிகாரி. 1930-ம் ஆண்டில் அவர் தமது ஜெட் எஞ்சின் யோசனைக்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். அப்போது அவருக்கு வயது 22.

அரசாங்கம் அதில் அக்கறை காட்டவில்லை. 1935-ம் ஆண்டு காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. அதற்குக் கட்டணம் வெறும் 5 பவுன். அதைக் கட்ட விமான இலாகா மறுத்து விட்டது. உரிமை காலாவதி ஆயிற்று!

விட்டில் மனம் தளரவில்லை. 1937-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி அவருடைய எஞ்சின் முதல் முறையாக ஓடியது.

இதற்கிடையே ஜெர்மனியில் ஹான்ஸ் பான் ஓஹைன் என்பவர் தனியாக ஒரு ஜெட் எஞ்சின் செய்து கொண்டு இருந்தார். உலகத்தின் முதல் ஜெட் விமானம் அந்த எஞ்சினால்தான் பறந்தது. அந்த நாள், 1939-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி. அதற்குப் பிறகு 5-வது நாளில் 2-வது உலக யுத்தம் மூண்டது.

அதோடு ஜெட் எஞ்சின் ராணுவத்தின் சொத்து ஆகிவிட்டது. பெரிய தொழிற்சாலை, பெரும் பணம், பலத்த காவல். அரை நூற்றாண்டுக் காலம் சாதாரண மனிதன் அதை ஆகாயத்தில்தான் பார்க்க முடிந்தது.

எப்படி ஓடுகிறது?

பலூனை ஊதி, வாயைக் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? காற்று பின்னால் பீறிடும். பலூன் முன்னால் பாயும். ஜெட் எஞ்சினின் தத்துவம் அவ்வளவுதான். வித்தியாசம் ஒன்றுதான்: பலூனில் காற்று தீர்ந்துவிடும். ஜெட் எஞ்சின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக் கொண்டே இருக்கும்.

அதற்குள் ஒரு தண்டு உண்டு. தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சக்கரங்கள். முன் சக்கரம் காற்றை உள்ளே இழுத்து அழுத்துகிறது. நடுவில் உள்ள எரி அறையில் எண்ணெய் எரிகிறது. சூடேறிய காற்று விரிந்து, பின் சக்கரத்தைச் சுழற்றிக் கொண்டு வெளியே பாய்கிறது. பின் சக்கரம் சுழன்றால் அதே தண்டில் உள்ள முன் சக்கரமும் சுழலும். மறுபடியும் காற்று வரும்.

இந்தப் பின் சக்கரத்துக்குத்தான் டர்பைன் என்று பெயர். எரிக்கும் எண்ணெய், பெரும்பாலும் மண்ணெண்ணெய் வகைதான்!

சொல்வது எளிது. செய்வதில்தான் கஷ்டம்.

பலகையில் செய்த சக்கரம்

1980-களின் இறுதியில் கர்ட் ஷ்ரெக்லிங் என்ற ஜெர்மானியர் இந்தக் கஷ்டத்தோடு மல்லுக்கட்டினார். மாதிரி விமானம் செய்வதில் அவருக்குப் பிரியம். வீட்டுப் பட்டறையில் இருக்கும் சாதாரணக் கருவிகளைக் கொண்டே ஜெட் எஞ்சின் செய்ய வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம்.

முன் சக்கரத்தை அவர் எதில் செய்தார் தெரியுமா?

மரத்தில்! ஒட்டுப் பலகையைச் செதுக்கிச் சக்கரம் செய்தார். அது சிதறாமல் இருக்கக் கார்பன் நாரைச் சுற்றி இறுக்கினார். காற்றை அழுத்தும் பக்கம் அவ்வளவாகச் சூடாகாது. அதனால் மரம் தாங்கியது.

பின் சக்கரத்துக்கு எஃகுத் தகட்டை வெட்டினார். இதழ்களை ஒவ்வொன்றாகத் திருகி வளைத்தார்.

எஞ்சின் ஓடியது. விமானமும் பறந்தது!

அதைவிட முக்கியமானது, அடுத்து அவர் செய்த காரியம். செய்முறையை அவர் பூட்டி வைக்கவில்லை. படங்களோடு புத்தகமாக எழுதி வெளியிட்டார். அது ஆங்கிலத்திலும் வந்தது.

அவரைத் தொடர்ந்து மற்றவர்கள் புறப்பட்டனர். "கே.ஜே. 66" என்ற எஞ்சின் உருவாயிற்று. 66 என்பது முன் சக்கரத்தின் அகலம், மில்லிமீட்டர் கணக்கில். அந்தச் சக்கரத்தைச் செதுக்க வேண்டியதும் இல்லை. மோட்டார் வண்டிகளின் டர்போ கருவியில் உள்ள அலுமினியச் சக்கரமே போதும். பட்டறைக்காரர்கள் பலர், சிறிய எரிவாயு டப்பாவையே எஞ்சினுக்கு மேல்கூடு ஆக்கினார்கள்.

எஞ்சினின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. அது தள்ளும் விசையோ 7 கிலோவுக்கும் மேல்!

ஒரு கிராம் – அரை டன்!

இதைப் படித்ததும், "நாமும் ஒன்று செய்து பார்த்தால் என்ன?" என்று யாருக்கும் தோன்றலாம். அதற்கு முன்னால் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும்.

கே.ஜே. 66 முழு வேகத்தில் ஓடும்போது, அதன் தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 15 ஆயிரம் தடவை சுழலும். அப்போது சக்கரத்தின் விளிம்பு வினாடிக்கு 400 மீட்டர் தூரம் ஓடுகிறது. ஒலியின் வேகத்தைவிட இது அதிகம்.

அந்த விளிம்பில் உள்ள ஒரு கிராம் உலோகம், ஏறத்தாழ அரை டன் எடையைத் தொங்க விட்டதுபோல வெளிப்பக்கம் இழுக்கும். சக்கரத்தில் ஒரு பக்கம் கிராமில் பத்தில் ஒரு பங்கு எடை கூடினால் போதும். ஐம்பது கிலோ மூட்டையைக் கட்டிச் சுழற்றியது போல் தண்டு உதறும். பேரிங் நொறுங்கும். சக்கரம் உடைந்தால் துண்டுகள் துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும்!

வெப்பமும் லேசானது அல்ல. டர்பைனைத் தாக்கும் காற்றின் சூடு 600 டிகிரிக்கு மேல். இரும்பு சிவக்கும் சூடு அது. அந்தச் சூட்டிலும் வலு குறையாமல் இருக்க, நிக்கல் கலந்த உலோகத்தில் டர்பைன் வார்க்கிறார்கள்.

அதனால் அனுபவசாலிகள் சில விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிறார்கள். எஞ்சினைக் கனமான சட்டத்தில் இறுக்கி வைப்பார்கள். சக்கரம் சுழலும் திசைக்கு நேர் பக்கத்தில் யாரையும் நிற்க விடமாட்டார்கள். தீயை அணைக்கும் கருவி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். குழந்தைகளுக்கு அங்கே அனுமதியே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயணிகள் விமானத்தின் எஞ்சின் பல ஆயிரம் மணி நேரம் ஓட வேண்டும். மாதிரி விமான எஞ்சினையோ, 25 மணி நேரம் ஓடியதும் பிரித்துப் பார்ப்பது வழக்கம். எண்ணெயையும் அது ஏராளமாகக் குடிக்கும். நிமிடத்துக்குக் கால் லிட்டர்! உயிர்களைச் சுமக்கும் பெரிய எஞ்சினுக்கு இது ஈடு ஆகாது. சிறியது, மலிவானது, கொஞ்ச நேரம் வேகமாக ஓடக்கூடியது. இவ்வளவுதான் அதன் குணம்.

ராணுவத்தின் கண் பட்டது

அந்தக் குணம்தான் ராணுவத்துக்கும் பிடித்துப் போயிற்று.

ஏவுகணைகளுக்குச் சிறிய ஜெட் எஞ்சின் செய்வது வல்லரசுகளுக்கு முன்பே தெரியும். ஆனால், அவற்றின் விலை அதிகம். ஒரு முறை பாய்ந்து அழியப் போகும் ஆயுதத்துக்கு நீடித்து உழைக்கும் எஞ்சின் எதற்கு? மலிவாக இருந்தால் போதாதா?

2022-ம் ஆண்டு பிப்ரவரியில் ரஷியா உக்ரைன் மீது படையெடுத்தது. முதலில் விசிறியால் பறக்கும் டிரோன்கள் வந்தன. அவற்றின் வேகம் குறைவு. எந்திரத் துப்பாக்கியாலும் சுட்டு வீழ்த்த முடிந்தது. பிறகு ஜெட் எஞ்சின் பொருத்திய டிரோன்கள் வந்தன. 2023-ம் ஆண்டில் ஈரான் தனது "ஷாஹெத்" டிரோனின் ஜெட் வகையைக் காட்டியது. அதே வழியில் வந்த "கெரான்-3" என்ற டிரோனை ரஷியா ஏவியது. உக்ரைனும் சும்மா இருக்கவில்லை. ஜெட் எஞ்சினால் பறக்கும் "பல்யானித்சியா" என்ற ஆயுதத்தைப் பயன்படுத்தியதாக 2024-ம் ஆண்டு ஆகஸ்டில் அறிவித்தது.

பல்யானித்சியா என்பது உக்ரைன் வீடுகளில் சாப்பிடும் ஒரு வகை ரொட்டியின் பெயர்!

இந்த ஆயுதங்களின் எஞ்சின்கள் வீட்டுப் பட்டறையில் செய்தவை அல்ல. தொழிற்சாலையில் செய்தவை. ஆனாலும் இனம் ஒன்றுதான். சிறிய ஜெட் எஞ்சினை மலிவாகச் செய்ய முடியும் என்பதைப் பொழுதுபோக்குக்காரர்கள் ஊரறியக் காட்டி விட்டார்கள்.

பூட்டு எங்கே?

"அப்படியானால் வீட்டில் எஞ்சின் செய்வதையே தடை செய்துவிடலாமே?" என்று சிலர் கேட்கக் கூடும்.

அதனால் பயன் இல்லை. காரணங்கள் மூன்று.

முதலாவது, செய்முறை புத்தகமாக வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கைமாறிப் போன புத்தகத்தைத் திரும்பப் பிடுங்க முடியாது.

இரண்டாவது, பட்டறையில் ஓர் எஞ்சின் செய்து முடிக்கப் பல மாதம் ஆகும். யுத்தத்துக்கோ ஆயிரக்கணக்கில் வேண்டும். அதைப் பட்டறை தராது. தொழிற்சாலைதான் தரும்.

மூன்றாவது, எஞ்சின் மட்டும் ஆயுதம் ஆகிவிடாது. வழிகாட்டும் கருவி வேண்டும், வெடிமருந்து வேண்டும். கெட்ட எண்ணம் கொண்டவன், மாதக் கணக்கில் உட்கார்ந்து சக்கரத்தைச் சமன் செய்து கொண்டு இருக்க மாட்டான். கடையில் விற்கும் சாதாரண டிரோனைத்தான் தேடுவான்.

ஆபத்து இருப்பது வியாபாரத்தில். பொம்மை விமானத்துக்கு விற்கும் எஞ்சினை ஆயுதக்காரனும் வாங்கலாம். பெட்டியைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது!

இதற்குக் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. ஏவுகணைச் சாமான்களை வெளிநாட்டுக்கு விற்பதைக் கட்டுப்படுத்த 1987-ம் ஆண்டில் 7 நாடுகள் கூடி ஓர் ஏற்பாடு செய்தன. இப்போது அதில் 35 நாடுகள் உள்ளன. இந்தியா 2016-ம் ஆண்டில் சேர்ந்தது. ரஷியாவும் உக்ரைனும்கூட அதில் உறுப்பினர்கள்தான்! ஆனால் சீனாவும் ஈரானும் உறுப்பினர்கள் அல்ல. இந்த ஏற்பாட்டை மீறினால் தண்டிக்க நீதிமன்றமும் இல்லை. ஒவ்வொரு நாடும் தானாகக் கட்டுப்பட்டால்தான் உண்டு.

ஓட்டை அங்கேதான் இருக்கிறது. அதை அடைக்க வேண்டுமானால், எஞ்சினை மொத்தமாக விற்கும் ஒவ்வொரு கம்பெனியும் யாருக்கு விற்கிறோம், எத்தனை விற்கிறோம் என்று கணக்குக் காட்ட வேண்டும். கணக்கில் சந்தேகம் வந்தால், சரக்கு துறைமுகத்தைத் தாண்டக் கூடாது. பூட்டுப் போட வேண்டிய இடம் தொழிற்சாலையின் வாசல்.

5 பவுன் கட்டாமல் ஓர் இளைஞரின் யோசனையை ஓர் அரசாங்கம் கைவிட்டது. 50 ஆண்டுகளுக்குப் பிறகு, ஒட்டுப் பலகையை வைத்துக் கொண்டு ஒரு மனிதர் அதைத் தம் வீட்டில் ஓட்டிக் காட்டினார். அவர் செய்தது, ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஒரு பொம்மை விமானம் பறப்பதைப் பார்க்க. அதை யுத்தத்துக்குக் கொண்டு போனவர்கள் வேறு ஆட்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களே!