உப்புக் காற்றில் புது வீடுகள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குப் பிரயாணம் செய்வோர், மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டியதும் சாலையோரங்களில் ஒரு புதுப் பயிரைக் காண்பர். அது நெல்லுமன்று, மணிலாவுமன்று. வர்ணம் பூசிய எல்லைக் கற்கள். தலைமுறை தலைமுறையாக உழுதுவந்த புன்செய்கள் மனைகளாகக் கூறுபோடப்படுவதன் அடையாளம் இது. கீழ்புத்துப்பட்டில் ஐயனார் கோயிலைச் சூழ்ந்த பழங்காடு தெய்வ பயத்தினால் பிழைத்திருக்கிறது. ஐயனாரிடம் கிரயம் பேசத் தரகர்களுக்கு இன்னும் துணிவு வரவில்லை போலும்!

நிலத்தை விற்கும் குடியானவரை நாம் குறைகூற வரவில்லை. பாகப்பிரிவினையில் துண்டு துண்டாகச் சிதறி, கிணற்றில் உவர்நீர் ஏறி, கூலிக்கும் கட்டாத காணியை வைத்துக்கொண்டு என் செய்வது என்று அவர் கேட்டால், உபதேசம் அதற்கு விடையாகாது. நமது விசாரமெல்லாம் அந்த நிலத்தின்மேல் எழும்பும் வீடுகளைப் பற்றியதே.

முன்னாளில் இக்கரையில் கட்டிய வீடு மண் சுவரும் பனங்கையும் நாட்டு ஓடும் கொண்டது. வசதியுள்ளோர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டினர். அவற்றைச் சொர்க்கலோகம் என்று சொல்லோம். கரையானும் ஒழுக்கும் அவற்றிலும் உண்டு. ஆனால் அவற்றில் இரும்பு சொற்பம். உப்புக் காற்றுக்கு அங்கே இரை அதிகமில்லை. பழுது கண்ணுக்குத் தெரிந்தது, மறுவருஷமே சீர்செய்யப்பட்டது. இன்றைய வீட்டின் உயிரோ காங்க்ரீட்டுக்குள் மறைந்திருக்கும் இரும்புக் கம்பியில் இருக்கிறது. கழுவாத கடல் மணலையும் உவர்ப்பான போர்க்கிணற்று நீரையும் கலவையில் சேர்த்தால், உப்பு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை; கடைக்கால் நாளன்றே குடிபுகுந்துவிடுகிறது. துருவேறிய கம்பி பருத்து, தன்னை மூடிய காங்க்ரீட்டைப் பிளக்கிறது. ஒருநாள் தளத்தின் அடிப்பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்போதுதான் வீட்டுக்காரர் மேலே அண்ணாந்து பார்க்கிறார்.

இதற்கு விதியில்லாமலில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின் 456-ஆம் விதித்தொகுப்பு, அதன் 2000-ஆம் வருஷத்துப் பதிப்பில், கடலோரக் கட்டிடங்களைக் கடுமையான சூழலில் உள்ளவையாக வகுக்கிறது. கம்பிக்குமேல் 45 மில்லிமீட்டர் மூடல் வேண்டும். காங்க்ரீட் எம்-30 தரத்துக்குக் குறையலாகாது. கம்பியிட்ட காங்க்ரீட்டுக்குரிய நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டலாகாது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி ஒப்பந்தம் எடுக்கும் மேஸ்திரிகளில் எத்தனை பேர் இதைக் கேள்வியேனும் பட்டிருப்பர்? அவர்களுக்குச் சொல்லித்தந்தவர் யார்?

சட்டம் எங்கே என்று வாசகர் கேட்கலாம். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவுசெய்யத் தடைவிதிக்கும் 22-ஏ பிரிவு 2009-ஆம் வருஷத்துச் சட்டமாக இயற்றப்பட்டு, ஏழு வருஷம் பெட்டியில் உறங்கியது. சென்னை ஹைகோர்ட் 2016 செப்டம்பரில் அத்தகைய பதிவுகளை நிறுத்தி உத்தரவிட்ட பிறகே, அக்டோபர் 20-ஆம் தேதி அது அமுலுக்கு வந்தது. அந்தத் தேதி வரை விற்ற மனைகளுக்கு 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. கெடுவோ மீண்டும் மீண்டும் நீட்டப்பட்டது. இவையெல்லாம் மனையின் காகிதத்தைப் பார்த்தனவேயன்றி வீட்டின் கம்பியைப் பார்க்கவில்லை. 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் கட்டுமானக் குறைக்கு ஐந்து வருஷம் விற்பவரைப் பொறுப்பாக்குகிறது. அடுக்குமாடி வாங்குவோருக்கு அது நற்காவல். சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டுபவருக்கு அது எட்டாது. அவருக்கு நுகர்வோர் கோர்ட்டு உண்டு. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் தவணை. துருவோ வக்கீல் நோட்டீஸின் தேதியைப் பார்த்துப் புறப்படுவதில்லை.

2014 ஜூன் 28-ஆம் தேதி மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மாண்டபோது நாடே திடுக்கிட்டது. விசாரணைக் கமிஷனும் அமைந்தது. ஒரு மாடி வீடு அப்படி ஒரே நாளில் சரிவதில்லை. ஆகையால் அதற்குக் கமிஷனும் இல்லை.

2024 ஜூலையில் சர்க்கார் சுயசான்று முறையைக் கொணர்ந்தது. 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு உடனடி அனுமதி. நேர்ப் பரிசோதனையும் முடிவுச் சான்றும் வேண்டாம். கச்சேரிதோறும் அலைந்து கைநனைத்தவர்களுக்கு இது விமோசனமே, நாமும் வரவேற்கிறோம். ஆயினும் அதே ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரைகடந்து, அந்நகரில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறப்பதற்கில்லை. வரப்பும் வாய்க்காலும் தூர்க்கப்பட்ட மனைப்பிரிவில் வெள்ளம் எங்கே போகும்? சுவரடியில் தேங்கிய நீர் வடிந்தாலும், அது கொணர்ந்த உப்பு வடிந்துவிடுவதில்லை.

நாம் கேட்பது அதிகமன்று. கடற்கரைப் பஞ்சாயத்து யூனியன்களில், கம்பி கட்டி முடிந்து காங்க்ரீட் போடுமுன் ஒரு முறை, ஒரே முறை, இஞ்சினீயர் வந்து பார்க்கட்டும். கலவை நீரைச் சோதிக்கும் வசதியை மரக்காணத்திலேயே ஏற்படுத்தட்டும். மனைப்பிரிவு அங்கீகரிக்கும்போது பழைய வாய்க்கால்களைச் சர்வே படத்தில் குறித்து, அவற்றை விற்பனைக்குப் புறம்பாக்கட்டும். இந்த மூன்றையும் கிராமசபைகளில் தீர்மானமாக நிறைவேற்றிக் கலெக்டருக்கு அனுப்ப இவ்வட்டாரத்து ஊழியர்கள் முன்வர வேண்டும். அடுத்த சபை கூடுவதற்கு முன்பே அதற்கான வேலையைத் தொடங்கலாம்.