தடம் தெரிகிறது, போட்டவர்கள் எங்கே?

வட அமெரிக்க ரயில்பாதைகளின் டிஜிட்டல் வரைபடங்களை ஆய்வுக்காகத் தினமும் பார்க்கிறேன். எந்தத் தடம் எந்த ஆண்டு போடப்பட்டது, எந்தக் கம்பெனி அதை விழுங்கியது, இன்று எந்த வழியில் எவ்வளவு சரக்கு போகிறது என்று எல்லாமே அவற்றில் கிடைக்கும். 1916இல் அமெரிக்காவில் சுமார் 2,54,000 மைல் இருந்த பாதை இன்று ஏறக்குறைய 1,40,000 மைலாகச் சுருங்கியதையும் காணலாம். யாருடைய நிலத்தில், யாருடைய உழைப்பில் அது போடப்பட்டது என்பதை மட்டும் காண முடியாது.

மூல ஆவணங்களே அப்படித்தான் எழுதப்பட்டன. 1860களில் சென்ட்ரல் பசிபிக் கம்பெனிக்காக 10,000க்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள் சியெரா நெவாடா மலையைக் குடைந்தார்கள். சம்பளப் பட்டியலில் பெரும்பாலும் இருப்பது கங்காணியின் பெயர்தான். வெள்ளையரைவிட அவர்களுக்குக் கூலி குறைவு. சாப்பாட்டுச் செலவும் அவர்களுடையது. 1867 ஜூனில் சம கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி உணவு வரத்தை நிறுத்தி, சுமார் ஒரு வாரத்தில் அதை முறியடித்தது. 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் நுழையவே சட்டம் தடைபோட்டது.

தென் மாநிலங்களில், உள்நாட்டுப் போருக்கு முன் பெரும்பாலான பாதைகளை அமைத்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். அடிமைமுறை ஒழிந்தபின் கைதிகளை வாடகைக்கு விட்டார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் கறுப்பர்களே. 1882 டிசம்பரில் வட கரோலினாவில் கௌவி சுரங்கப்பாதை வேலைக்குப் போன 19 கைதிகள், கால் விலங்கோடு படகு கவிழ்ந்து ஆற்றில் மூழ்கினார்கள். அவர்களைப் பெயர்க்கல் இல்லாமல் புதைத்தார்கள்.

போட்ட பாதையில் சமமாகப் பயணம் செய்யவும் விடவில்லை. 1890இல் லூசியானா அரசு ரயில் பெட்டிகளை நிறத்தால் பிரித்தது. அதை எதிர்க்க நியூ ஆர்லியன்ஸ் குடிமக்கள் குழு திட்டமிட்டபடி, 1892இல் ஹோமர் பிளெஸ்ஸி வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்து கைதானார். 1896இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவினையே செல்லும் என்றது. பயணிகளின் எண்ணிக்கையை மட்டும் காட்டும் போக்குவரத்து வரைபடம், யாரை எந்தப் பெட்டியில் ஏற்றினார்கள் என்று சொல்லாது.

"ரயில் வரைபடத்தில் ஏன் அரசியலைத் திணிக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். அரசியல் ஏற்கெனவே அதில் இருக்கிறது. 1862 சட்டத்தின்படி அரசு கம்பெனிகளுக்கு அள்ளிக்கொடுத்த நிலம், பூர்வகுடிகள் வாழ்ந்த நிலம். கம்பெனிக்குக் கிடைத்ததை வரைபடம் குறிக்கிறது, பூர்வகுடிகள் இழந்ததை விட்டுவிடுகிறது.

இதை மாற்ற முடியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சம்பளப் பட்டியல்களையும், முகாம்களில் கிடைத்த உடைந்த கிண்ணங்களையும் கொண்டு சீனத் தொழிலாளர்களின் வாழ்க்கையை மீட்டெடுத்திருக்கிறார்கள். அந்தத் தகவல்களை வரைபடத்தில் இன்னொரு அடுக்காகச் சேர்ப்பது தொழில்நுட்பத்துக்குப் பெரிய வேலையல்ல. உழைப்பை எடுத்துக்கொண்டு பெயரை அழிக்கும் கணக்கு நமக்கும் பழகியதுதான். ஆகவே எந்த வரைபடத்தைத் திறந்தாலும், இது யாரை எண்ணவில்லை என்று முதலில் கேட்போம்.