பெஞ்சில் உட்கார்ந்தும் துடுப்புப் போடலாம்

அருப்புக்கோட்டைப் பக்கம் கயாக் பயிற்சி என்று பேச்செடுத்தால் முதலில் சிரிப்புதான் வரும். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கிற ஊரில் படகு ஒரு கேடா என்பார்கள். குண்டாறு திருச்சுழியை ஒட்டித்தான் போகிறது. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி அங்கே மணல்தான். ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றாவிட்டால் கண்மாய்களில் தை, மாசி வரை தண்ணீர் கிடக்கும்.

துடுப்பு வலிக்கத் தண்ணீரில் இறங்கினால்தான் கற்க முடியும் என்ற நினைப்பிலிருந்து வருகிற சிரிப்பு அது.

முதல்முறை கயாக்கில் உட்காருகிறவர் முதுகைச் சாய்த்துக்கொண்டு, முழங்கையை மடக்கி மடக்கித் துடுப்பை இழுப்பார். சற்று நேரத்தில் தோள் கடுக்கும். படகோ கோணல்மாணலாகப் போகும். துடுப்பை இடுப்பைத் தாண்டிப் பின்னால் கொண்டுபோவதுதான் காரணம். அங்கே செலவாகும் விசை படகின் முனையைத் திருப்புமே தவிர, முன்னே தள்ளாது.

சரியான வலிப்பு பாதத்தருகே தொடங்குகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, வலத்தோளை முன்னே கொண்டுபோய், துடுப்பின் இலையை வலப்பாதத்துக்கு நேராக முழுக்க நீரில் அமிழ்த்த வேண்டும். பிறகு வலக்கால் கால்தாங்கியை உதைக்க, இடுப்பும் மார்பும் சேர்ந்து திரும்பும். கை ஏறக்குறைய நீட்டியபடியே இருக்கும். இடுப்புக்கு நேரே வந்ததும் துடுப்பு வெளியே வந்துவிட வேண்டும், உடனே இடப்பக்கம். குழித்தறியில் உட்கார்ந்து காலால் மிதித்துக் கையை ஓட்டிய அருப்புக்கோட்டை நெசவாளிக்கு இந்த ஒத்திசைவு புதிதல்ல.

இதில் முக்கால்வாசி உடம்பின் வேலை. பந்தய வீரர்களே எர்கோமீட்டர் என்ற பொறியில் தரையில் உட்கார்ந்து பழகுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு அந்தச் செலவும் வேண்டாம். ஒரு பெஞ்சு, ஒரு மூங்கில் கழி, காலை உதைக்க ஒரு கட்டை போதும். சித்திரை வெயிலிலும் வேப்பமரத்தடியில் வகுப்பு நடத்தலாம். சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொரு வலிப்புக்கும் இடமும் வலமும் திரும்புகின்றனவா என்று ஆசிரியர் பார்த்துக்கொண்டால் சரி. தண்ணீரில் புதியவருக்குக் கவிழ்ந்துவிடும் பயம்தான் பெரிது. உடம்பு விறைத்துப்போகும், மார்பு திரும்பாது. தரையில் அந்தப் பயம் இல்லை. இலை நீரைப் பற்றும் உணர்வை மட்டும் பெஞ்சு தராது. அதற்குக் கண்மாய் பெருகும் வரை காத்திருக்கலாம்.

கடலோரத்துக்கே உரிய விளையாட்டு என்பதும் சரியல்ல. போபால் கடலிலிருந்து வெகுதூரம். அங்கே படகு வீரர்கள் பழகும் கீழ் ஏரி 18ஆம் நூற்றாண்டில் மனிதர் உருவாக்கியது. குவாலியரைச் சேர்ந்த பிராச்சி யாதவ் நீச்சலிலிருந்து இந்த விளையாட்டுக்கு வந்து போபாலில் பயிற்சி பெற்றவர். இடுப்புக்குக் கீழே செயல்குறைபாடு உள்ளவர். 2021இல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் இறுதிச் சுற்றில் எட்டாவதாக வந்தார். 2023இல் ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் கயாக் பிரிவில் தங்கம் வென்றார்.

ஊர்க் கண்மாயில் இதைத் தொடங்கினால் பாசனக்காரர்களுக்கு நட்டமில்லை. துடுப்பு ஒரு சொட்டுத் தண்ணீரையும் குடிப்பதில்லை. பந்தயக் கயாக்கை வாங்கிவிட வேண்டாம். 5.2 மீட்டர் நீளத்தில் ஒடுங்கிய அந்தப் படகு கற்றுக்குட்டியை நிமிடத்தில் கவிழ்த்துவிடும். அகலமான பிளாஸ்டிக் படகுகள், ஆளுக்கொரு உயிர்காப்பு உடுப்பு, எல்லாவற்றுக்கும் முன்னால் நீச்சல் என்பதே சரியான வரிசை. நீச்சல் தெரியாத பிள்ளையைப் படகில் ஏற்றக் கூடாது.

பெரிய ஆபத்து தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. சவுடு மண் அள்ளிய குழிகளும் சீமைக்கருவேல முட்களும் நீர் நிறைந்துவிட்டால் கண்ணில் படாது. கரையோரம் முழங்கால் அளவு, நாலு எட்டு வைத்தால் ஆளை விழுங்கும் பள்ளம். இங்கேதான் வறண்ட சீமைக்கு ஒரு வசதி இருக்கிறது: ஏரிக்காரர்கள் அடித்தரையைப் பார்க்க முடியாது, இங்கே புரட்டாசியில் நடந்தே பார்த்துவிடலாம். ஊராட்சியும் நீர்வளத்துறையும் மீன் குத்தகைக்காரரும் உடற்கல்வி ஆசிரியரும் ஒருநாள் கண்மாய்க்குள் இறங்கி, குழிகளைச் சுற்றி உயரமான கம்புகளை நட்டு, முட்களை வேரோடு எடுத்து, பிள்ளைகள் போகவேண்டிய பாதையை மழைக்கு முன்பே குறித்துவிட வேண்டும்.