மீ கோரெங்கோடு நின்றுவிடும் நாக்கு

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்துக் காப்பிக்கடைக்குப் போகாத தமிழர் அநேகமாக இல்லை. ஆனால் அங்கிருக்கும் ஏழெட்டுக் கடைகளில் ஒன்றை மட்டுமே நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். ஒரு பரோட்டா, இல்லையென்றால் மீ கோரெங், உடன் ஒரு தே தாரிக். இருபது ஆண்டுகளாக அதே பேட்டையில் குடியிருந்தும், எதிர்க்கடையின் பானையில் என்ன கொதிக்கிறது என்று கேட்டறியாதவர்கள் உண்டு. காரணம் கேட்டால், "அதெல்லாம் நம் நாக்குக்கு ஒத்துவராது" என்பார்கள். 'நம் நாக்கு' என்ற இந்தச் சொல்லோடுதான் எனக்கு உடன்பாடு இல்லை.

மீ கோரெங்கையே எடுத்துக்கொள்வோம். 'மீ' என்பது ஹொக்கியன் சொல். 'கோரெங்' என்றால் மலாயில் வறுத்தது, பொரித்தது. மஞ்சள் மீ சீனர்களுடையது. அதை மிளகாய் விழுதோடும் தக்காளியோடும் உருளைக்கிழங்கோடும் இரும்புச் சட்டியில் புரட்டி வேறோர் உணவாக்கியவர்கள், தமிழர் உள்ளிட்ட தென்னிந்திய முஸ்லிம் சமையற்காரர்கள். சூப் கம்பிங் என்னும் ஆட்டு சூப்பும், எலும்பு மஜ்ஜையை உறிஞ்சிச் சாப்பிடும் சூப் துலாங்கும் அவர்கள் கைவண்ணமே. தமிழகத்தில் இவற்றை இதே வடிவில் காண்பது அரிது. அடுத்த கடைக்காரரின் பண்டத்தை எடுத்துத் தம் அடுப்பில் ஏற்றிப் பார்க்கும் துணிவு முன்னோருக்கு இருந்தது. அவர்கள் எல்லை தாண்டிச் சமைத்ததை உண்டுகொண்டே, எல்லை தாண்டக் கூடாது என்று நாம் சொல்வது வேடிக்கைதான்.

சொற்களும் இதற்குச் சாட்சி. மலாயில் கடைக்குக் 'கெடாய்' என்று பெயர். அது நம் 'கடை'. 'கோப்பித்தியாம்' என்பதில் மலாய்க் 'கோப்பி'யோடு ஹொக்கியன் மொழியின் கடை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர்ப்பலகையிலேயே மொழிகள் கலந்திருக்கும் இடத்தில், உண்பவர் மட்டும் ஒதுங்கி நிற்பானேன்?

இனி, கிண்ணங்களுக்கு வருவோம். தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பான் மியான். கோதுமை மாவைப் பிசைந்து, பட்டையாக வெட்டியோ கையால் பிய்த்துப் போட்டோ வேகவைக்கிறார்கள். மேலே ஒரு முட்டை, ஒரு கைப்பிடிக் கீரை, பொரித்த நெத்திலி. அந்தச் சாறு பெரும்பாலும் நெத்திலிக் கருவாட்டில் இறங்கியது. கருவாட்டு மணம் அறிந்த தமிழர் எவருக்கும் இது அந்நியமாக இருக்க முடியாது. நாம் குழம்பில் புளியோடு சேர்த்து அறிந்த அதே நெத்திலி, இங்கே புளியும் மசாலாவும் இல்லாமல் தன் குரலில் பேசுகிறது, அவ்வளவே.

அடுத்தது மீன் சூப். தியோச்சியூ மக்களின் சமையல் வழி வந்தது. தெளிந்த சாற்றில் மீன் துண்டுகள், தக்காளி, இஞ்சி, சில கடைகளில் பாகற்காய். தடித்த அரிசிச் சேமியாவோடு கேட்டால் சிறிது கெட்டிப்பாலும் ஊற்றுவார்கள். 'உப்புச் சப்பில்லை' என்று நம்மவர் முகம் சுளிப்பது பெரும்பாலும் இதைக் கண்டுதான். நான் அதை ஏற்பதில்லை. காரசாரமான குழம்பு, ஒருநாள் பழகிய மீனைக்கூடக் காப்பாற்றிவிடும். தெளிந்த சாறு அப்படிக் காப்பாற்றாது. மீன் புதிதாக இல்லையென்றால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். எளிமையாகத் தோன்றுவதில்தான் சமைப்பவருக்குச் சோதனை அதிகம். அதிகம் சொல்லாத சிறுகதையைப் பாராட்டத் தெரிந்த நம் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காரமும் மணமும் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு மீ சோத்தோ இருக்கிறது. ஜாவா வழி வந்த கோழி சூப். மஞ்சளும் மல்லியும் எலுமிச்சைப் புல்லும் சேர்ந்த சாறு நம் ரசத்தின் ஒன்றுவிட்ட உறவு போலவே இருக்கும். 'பாக் குத் தே' என்ற பெயருக்கு இறைச்சி எலும்புத் தேநீர் என்று பொருள். ஆனால் அந்தச் சாற்றில் தேயிலை கிடையாது. சிங்கப்பூரில் பரவலாகக் கிடைக்கும் தியோச்சியூ வகையில் மிளகும் பூண்டும்தான் அரசாள்கின்றன.

அது பன்றி இறைச்சி ஆயிற்றே என்பீர்கள். நியாயம். சமய நெறியால் விலக்குபவர்களை நான் வற்புறுத்தவில்லை. பான் மியான் சாற்றிலும் சில கடைகளில் பன்றி எலும்பு உண்டு; கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். ஆனால் நெறி வேறு, சோம்பல் வேறு. ஹலால் உண்பவர்களுக்குச் சோத்தோவும் மீ ரெபுஸும் உண்டு. சைவர்களுக்குச் சீனச் சைவக் கடையின் பீ ஹூன் உண்டு. பௌத்த நெறிப்படி பல கடைகளில் அதில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. விலக்கு உள்ளவர்களுக்கும் வழி இருக்கிறது. விலக்கு ஏதும் இல்லாதவர்கள் தயங்குவதுதான் எனக்குப் புரியவில்லை.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை 2020இல் யுனெஸ்கோ தன் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. 2022இல் தெம்பனிஸில் ஒரு காப்பிக்கடை 4 கோடி வெள்ளிக்கு மேல் விலைபோனது. இப்படிப்பட்ட முதலீட்டின் பாரம் கடைசியில் சின்னக் கடைகளின் வாடகையாகத்தான் இறங்கும் என்பது என் அச்சம். சாறு இறங்க மணிக்கணக்கில் அடுப்பின் முன் நிற்க வேண்டும். அப்படி நிற்பவர்களில் வயதானவர்கள் பலர். எல்லார் வீட்டிலும் அடுத்த கரண்டி தயாராக இல்லை. ஒரு கடை மூடப்பட்டால் அதன் சாறும் போயிற்று. அதை மீட்டுத் தரும் சுவடி எதுவும் கிடையாது.

சிங்கப்பூரை எழுத விரும்பும் தமிழருக்கு இது ருசியோடு முடிகிற விஷயமும் அல்ல. அண்டை வீட்டுச் சீனர் நம் கதைகளில் மின்தூக்கியில் தலையசைத்துவிட்டு மறைந்துவிடுகிறார் என்று குறைபடுகிறோம். அவர் காலையில் எதை உண்கிறார், அதில் மிளகாய் எவ்வளவு, உடம்புக்கு முடியாத நாளில் எந்தக் கடைச் சூப்பை வாங்கி வரச் சொல்கிறார் என்று தெரியாமல் அவரை எப்படி எழுதுவது? மொழிபெயர்ப்பில் சீனக் கதைகளைத் தேடிப் படிக்கிறோம். மொழிபெயர்ப்பே தேவைப்படாத ஒன்று ஆறேழு வெள்ளிக்குக் கீழ்த்தளத்தில் கிடைக்கிறது. வாரத்துக்கு ஒரு புதிய கடை என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதத்தில் ஒரு காப்பிக்கடையை முடித்துவிடலாம்.