முன் ஏர் போன வழி

பிரான்ஸ் நாட்டில் தலுவார் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1990-ம் ஆண்டில் பல நாடுகளைச் சேர்ந்த 22 பல்கலைக்கழகத் தலைவர்கள் அங்கே கூடினார்கள். காற்றையும் நீரையும் மண்ணையும் காப்பது பற்றிப் பாடம் நடத்தினால் மட்டும் போதாது, பல்கலைக்கழகமே நடந்து காட்ட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 10 அம்சத் திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். பிறகு, 500-க்கும் அதிகமான பல்கலைக்கழகங்கள் அதில் சேர்ந்தன.

தலைவர் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஊழியர்கள் கடைப்பிடிக்க வேண்டுமே! அதற்கு என்ன வழி?

ஒரு கணக்குப் பாருங்கள்.

பழைய மின்விசிறி ஒன்றுக்கு 75 வாட் மின்சாரம் வேண்டும். மாலை 5 மணிக்கு அதை நிறுத்த மறந்துவிட்டால், மறுநாள் காலை 9 மணி வரை 16 மணி நேரம் வீணே சுற்றும். 1.2 யூனிட் நஷ்டம். இப்படி 100 அறைகள் என்றால், ஒரே இரவில் 120 யூனிட் போய்விடும்.

உடனே ஒரு சுற்றறிக்கை வரும். "மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துக" என்று அதில் இருக்கும். குமாஸ்தா படிப்பார், கோப்பில் வைப்பார். அதோடு சரி.

ஏன்? பெரியவர் அறையில் ஆள் இல்லாதபோதும் ஏ.சி. ஓடுகிறது. அதுவும் 18 டிகிரியில்! ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய மின்துறை 2018-ம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. ஊருக்கு உபதேசம் செய்பவர் அதை முதலில் தம் அறையில் செய்ய வேண்டாமா? விளக்கை அணைக்கவில்லை என்று பியூனை மட்டும் கோபித்துக்கொள்வது நியாயமா?

முன் ஏர் போன வழியேதான் பின் ஏர் போகும். துணைவேந்தர் தம் அறை விளக்கைத் தாமே அணைக்கட்டும். கூட்டத்துக்கு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைக்கச் சொல்லட்டும். ஒரு வாரத்தில் எல்லாத் துறைகளிலும் அதுவே பழக்கமாகிவிடும்.

இன்னொன்றும் வேண்டும். நல்லதைச் செய்வது சுலபமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் கூடாது என்றால், நல்ல குடிநீர்க் குழாய் பக்கத்திலேயே இருக்க வேண்டும். காகிதத்தைத் தனியாகப் போடு என்றால், அதற்கு ஒரு தொட்டி வேண்டும். குப்பையைப் பிரிப்பதில் உள்ள கஷ்டம், தினமும் பெருக்குகிற அம்மாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவரையும் உட்காரவைத்து யோசனை கேட்க வேண்டும். மிச்சமான பணத்தில் ஒரு பங்கை ஊழியர்களின் வசதிக்கே செலவிட வேண்டும். அப்போது, "இது நம் வேலை" என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும்.

வீட்டிலும் இதே கதைதான். அப்பா குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போனால், பிள்ளை மட்டும் மூடுமா?

இதற்குப் பெரிய திட்டமோ, பெரிய நிதியோ தேவையில்லை. தலைமைப் பதவியில் இருப்பவர்கள் நாளைக்கே தொடங்கலாம். அறையை விட்டுக் கிளம்பும்போது தாமே சுவிட்சை அணைக்கட்டும். மற்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.